பந்தல் இல்லாத திராட்சைத் தோட்டம்

அப்பா ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கதீட்ரல் பார்த்தார், ட்ராமில் ஏறினார், பனிக்கட்டி போலக் குளிர்ந்த ஏரியில் கால் நனைத்தார். எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றார். பதினோராம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏப்பா, இந்த ஊர்ல தோட்டம் எல்லாம் எங்கிட்டு இருக்கு?"

அவர் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் நாற்பது வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறவர். அவரைப் போய்ச் சுற்றுலாத் தலங்களாகக் கூட்டிக்கொண்டு அலைந்தது என் தப்பு. ரைன் நதியைத் தாண்டினால் பிரான்ஸ். தாண்டியதும் அல்சாஸ் என்கிற ஒயின் வட்டாரம். செப்டம்பர் கடைசி வாரம், அறுவடைக் காலம் வேறு. வெள்ளி முதல் ஞாயிறு வரை போய்வரலாம் என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்த கையோடு என் புத்தியும் வேலை செய்தது. வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே தான் வரை, வோஜ் மலையின் அடிவாரத்தை ஒட்டியே 170 கிலோமீட்டர் போகிறது அல்சாஸ் ஒயின் பாதை. 1953-இல் தொடங்கிய சுற்றுலாப் பாதை அது. அதில் ஆறு கிராமங்களைப் பொறுக்கி எடுத்து, எந்த ஊரில் எத்தனை மணி நேரம், எந்த பஸ் என்று அட்டவணை போட்டுவிட்டேன். மூன்று நாளில் ஆறு ஊர். கடைசியில் பார்த்தது நாலு. அதில் இரண்டு என் பட்டியலிலேயே இல்லை.

ஃப்ரைபுர்க்கிலிருந்து அல்சாஸின் கொல்மார் நகரம் கூப்பிடு தூரம்தான், ஆனால் நேர் ரயில் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் தகர்ந்த ரைன் ரயில் பாலத்தைத் திரும்பக் கட்டவே இல்லை. அதனால் பிரைசாக் வரை ரயில், அங்கிருந்து பஸ். எல்லை என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும்போது ஜெர்மன் பக்கம் சோதனை இருக்கலாம். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கொல்மாரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, பையைப் போட்டுவிட்டு, சாயங்காலமே எகிஷைம் போனோம். ஏழு கிலோமீட்டர்தான். எகிஷைம் வட்டமாகக் கட்டின ஊர். நடுவில் ஒரு கோட்டை, அதைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரு. வெளி வளையத்தில் நடக்க ஆரம்பித்தால் தானாகவே கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்வோம். அப்பா அதை இரண்டு தரம் சுற்றினார். "கோயில் பிரகாரம் மாதிரி இருக்கே" என்றார். 1049-இல் போப்பாண்டவரான ஒன்பதாம் லியோ இந்த ஊர்ப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை; ஊர் நடுவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அப்பாவுக்குச் சிலை மேல் நாட்டமில்லை. வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடுகள்தான் அல்சாஸின் முகம். கனத்த மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து நிறுத்தி, இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, மஞ்சள், நீலம், செம்மண் என்று வண்ணம் அடித்திருக்கிறார்கள். சட்டங்களைக் கழற்றி வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தவும் முடியும். "மண்ணும் வைக்கலும்தானே? நம்ம பழைய வீடும் அதான். நாம இடிச்சுட்டுக் காங்கிரீட் போட்டோம், இவங்க பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம்: இந்த ஊர்களை நடுப்பகலில் பார்க்காதீர்கள். பதினொரு மணிக்கு டூரிஸ்ட் பஸ்கள் வந்து இறங்கும், ஐந்து மணிக்குக் கிளம்பும். ஆறு மணிக்கு மேல் எகிஷைமில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாட்டியும் நாங்களும்தான் இருந்தோம். முடிந்தால் ஊருக்குள்ளேயே ஓர் இரவு தங்குங்கள். அல்லது எங்களைப் போலச் சாயங்காலமாகப் போய்விட்டு, திரும்பும் பஸ் எப்போது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இல்லையென்றால் டாக்சிக்குத் தயாராக இருங்கள். நாங்கள் டாக்சிதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மதியச் சமையல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. இரண்டே காலுக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு ஏழுக்கு மேல்தான். இந்த வட்டாரத்துப் பண்டம் ஃப்ளாமெகுஷ்: அப்பளம் போல மெல்லியதாகத் தேய்த்த மாவில் க்ரீம், வெங்காயம், பன்றி இறைச்சித் துண்டுகள் போட்டு விறகு அடுப்பில் சுட்டது. அப்பா பன்றி சாப்பிட மாட்டார். "சான் லார்தோன்" என்றால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். காளான் போட்டும் கிடைக்கும். சுத்த சைவம் என்றால் அல்சாஸ் கொஞ்சம் கஷ்டம்தான். ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோனதற்காக நான் வெட்கப்படவில்லை.

மறுநாள் காலை ரிக்விர் பஸ். வழியில் பென்விர் என்று ஓர் ஊர். நேற்றுப் பார்த்த மாதிரி மர வீடு ஒன்றுகூட இல்லை, சர்ச்கூடப் புதுசு. அப்பா உடனே கவனித்தார். 1944 டிசம்பரில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்த சண்டையில் பென்விர் ஏறக்குறைய தரைமட்டமானது. பக்கத்துச் சிகோல்சைமும் அப்படித்தான். அதற்கு மேலே திராட்சைச் சரிவின் நடுவே ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. பிரான்சுக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள் 1500-க்கும் மேல். அதில் நிறையப் பேர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்கள். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரிக்விருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1291-இல் கட்டின டோல்டர் காவல் கோபுரமும், பதினாறாம் நூற்றாண்டு வீடுகளும் அப்படியே நிற்கின்றன. இன்றைக்கு நாம் 'அழகான கிராமம்' என்று போட்டோ எடுப்பதெல்லாம் குண்டு விழாமல் தப்பியவை. வழியில் பென்விரைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு அது உறைத்திருக்காது.

ரிக்விர் அழகுதான். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே அழகு. ஒரே முக்கியத் தெரு, இரண்டு பக்கமும் கடை, கடை வாசலில் பிஸ்கட் நீட்டுகிறவர்கள், காந்தம் ஒட்டிய நாரைப் பொம்மைகள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும்போது நிற்கவே இடம் இருக்காது என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலைக்கே தேர்க்கூட்டம் போலத்தான் இருந்தது. கருங்கல் பாவிய தெரு முழங்காலைப் பதம் பார்க்கும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தடித்த அடியுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். அப்பா செருப்போடு வருவேன் என்று அடம்பிடித்தார், நல்லவேளை நான் விடவில்லை.

மதியம் ஒரு மணி பஸ்ஸில் ஏறிக் கைசெர்ஸ்பெர்க் போகத் திட்டம். நிறுத்தத்தில் நின்றோம். ஒன்று, ஒன்றரை, ஒன்றே முக்கால். பஸ் வரவில்லை. அப்புறம்தான் கால அட்டவணையில் அந்த நேரத்துக்கு மேலே இருந்த குட்டி எழுத்தைக் கவனித்தேன். பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும் பஸ் அது. சனிக்கிழமை கிடையாது. பிரான்சின் கிராமத்து பஸ் அட்டவணையில் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடிக்குறிப்பைப் பாருங்கள். பள்ளி நாள், பள்ளி விடுமுறை, ஞாயிறு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஞாயிற்றுக்கிழமை பல தடங்களில் பஸ்ஸே இருக்காது. அல்சாஸில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: பிரான்சின் மற்ற பகுதிகளில் வேலை நாளாக இருக்கும் புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம் இங்கே விடுமுறை. 1871-இல் ஜெர்மனி, 1918-இல் பிரான்ஸ், 1940-இல் மறுபடி ஜெர்மனி, 1945-இல் மறுபடி பிரான்ஸ் என்று கை மாறிய பூமி. ஜெர்மானியர் காலத்துச் சட்டங்கள் சில இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் போனை வைத்துக்கொண்டு டாக்சி தேட, அப்பா மதிலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வடக்கே, திராட்சைக் கொடிகளுக்கு நடுவில், ஒரு சர்ச் கோபுரம் தெரிந்தது.

"அது என்ன ஊரு?"

"ஹுனாவிர். ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"அதுக்கா டாக்சி?"

நடந்தோம். மூன்று நாளில் உருப்படியாகச் செய்த காரியம் இதுதான்.

ரிக்விரிலிருந்து ஹுனாவிர் வழியாக ரிபோவிலே வரை மொத்தமே ஐந்து கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். தார் போட்ட குறுகலான தோட்டப் பாதை. பெரிய ஏற்றம் இல்லை. எங்கே திரும்புவது என்று பலகை இருக்கிறது. ஆனால் அறுவடைக் காலத்தில் சில ஊர்க்காரர்கள் தோட்டத்துக்குள் போகும் மண்பாதைகளை மூடிவிடுவார்கள். தடுப்புப் பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். எத்தனை குலை தொங்கினாலும் கை வைக்கக் கூடாது. நமக்கு அது ஒரு குலை. அவர்களுக்குப் போகிற வருகிறவர்கள் ஆயிரம் பேர்.

அப்பா பழத்தைத் தொடவில்லை. இலையைத் தொட்டார். திருப்பிப் பார்த்தார். "துத்தம் அடிச்சிருக்கான்" என்றார். இலை ஓரத்தில் லேசான நீலப் பூச்சு. "போர்டோ கலவைடா. மயில்துத்தமும் சுண்ணாம்பும்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் நீலத் தொட்டியில் அவர் கலக்கியது ஞாபகம் வந்தது. அந்தப் 'போர்டோ' பிரான்சின் இன்னொரு மூலையில் இருக்கிற ஒயின் ஊர் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். போர்டோ பக்கம் தெருவோரக் கொடிகளில் ஆட்கள் பறித்துத் தின்னாமல் இருக்க இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். "திருடனுக்கு அடிச்ச மருந்தா!" என்று அப்பா சிரித்த சிரிப்பு ஹுனாவிர் வரைக்கும் கேட்டிருக்கும்.

பதிலுக்கு அவரும் எனக்குப் பாடம் எடுத்தார். "நமக்குப் பந்தல் எதுக்கு? வெயில் பழத்துல நேரா விழுந்தா வெந்து போகும். மேல இலை, கீழ குலை. இவனுக்கு வெயில் பத்தாது. அதான் பந்தல் இல்லாம வேலி மாதிரி வரிசையா நிறுத்தி, தெற்கையும் கிழக்கையும் பார்த்த சரிவா பிடிச்சிருக்கான்." பிறகு மேற்கே இருந்த மலையைக் காட்டி, "மழை அந்தப் பக்கம் கொட்டுமே?" என்றார். அப்படியேதான். மேற்கேயிருந்து வரும் மேகத்தை வோஜ் மலை தடுத்து நிறுத்திவிடுகிறது. உச்சியில் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொல்மாருக்குக் கிடைப்பதில்லை. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான். பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. "கேரளாக்காரன் நனைவான், நாம பழம் பறிப்போம். அதே கணக்குதான்" என்றார்.

ஒரு திருப்பத்தில், கொடி வரிசைக்கு மேலாகவே கால் பரப்பி நடக்கும் உயரமான டிராக்டரிலிருந்து ஒருவர் இறங்கி நின்றார். நாங்கள் இலையைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான். திட்டு விழப்போகிறது என்று நினைத்து அவசரமாக "போன்ஜூர்" சொல்லி, என் ஜெர்மனில் விளக்கினேன். அவர் வயதுக்காரர்களில் அல்சாசிய மொழி பேசுகிறவர்கள் இன்னும் உண்டு; அது ஜெர்மனுக்குப் பக்கத்து வீடு. அப்பா திராட்சை விவசாயி என்றதும் ஆள் மாறிவிட்டார். குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போது ஒரு கொடிக்கு இரண்டு கிளை மட்டும் விட்டு, அவற்றை வில்லாக வளைத்துக் கட்டுவதைக் கையால் காட்டினார். அப்பா போனை எடுத்துக் கல்தூண் பந்தலின் படத்தைக் காட்டினார். வருடத்துக்கு இரண்டு அறுவடைக்குக் குறையாது என்றதை நான் மொழிபெயர்த்தபோது, அவர் என் ஜெர்மனைச் சந்தேகப்பட்டார். இரண்டு விரலைத் தூக்கி மறுபடியும் கேட்டார். அப்பாவும் இரண்டு விரலைத் தூக்கினார். அதற்கு மேல் என் மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஹுனாவிர் சர்ச் ஒரு சின்னக் கோட்டை. ஆறு கோண மதிலுக்குள்ளே சர்ச்சும் கல்லறையும், சுற்றிலும் திராட்சை. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கட்டடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கீழே ஒரு நீரூற்று. ஹுனா என்கிற பெண் ஏழைகளின் துணியை அங்கே துவைத்துக் கொடுத்தாராம். விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் அந்த ஊற்றில் தண்ணீருக்குப் பதில் ஒயின் வந்ததாம். ஊர்ப் பெயரே அவருடையதுதான். கூரையில் இரண்டு நாரைகள் நின்றன. 1974-இல் அல்சாஸ் முழுவதற்குமே ஒன்பது ஜோடிதான் மிச்சம் இருந்தது. இந்த ஊரில் வளர்ப்பு மையம் வைத்து மீட்டெடுத்தார்கள். இப்போது நாரை இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும்.

ரிபோவிலேயில் ஒரு குடும்பத்துக்காரரின் பாதாளச் சரக்கறை வாசலில் 'தெகுஸ்தாசியோன்' என்ற பலகை தொங்கியது. ருசி பார்க்கலாம் என்று அர்த்தம். இதற்குத் தயங்க வேண்டாம். உள்ளே போனதும் போன்ஜூர் சொல்லுங்கள். அது இல்லாமல் இங்கே எந்தக் காரியமும் நடக்காது. புளிப்பிலிருந்து இனிப்புக்கு வரிசையாக ஊற்றுவார்கள். துப்புவதற்கு ஒரு பாத்திரம் இருக்கும், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர் துப்பியே ஆக வேண்டும். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் சின்னத் தொகை; இலவசம் என்றால் ஒரு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. மற்ற பிரெஞ்சு ஒயின்களில் ஊர்ப் பெயரைப் பார்த்துக் குழம்புகிற மாதிரி இங்கே குழம்ப வேண்டாம். லேபிளில் ரகத்தின் பெயரே இருக்கும்: ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ க்ரி. 'செக்' என்று போட்டிருந்தால் இனிப்பு இல்லாதது.

அப்பா வாழ்க்கையில் குடித்ததில்லை. அவருக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். எனக்கு ஊற்றின கடைசிக் கிண்ணத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இது நம்ம பன்னீர்டா" என்றார்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மஸ்கட். அல்சாஸில் கொஞ்ச நிலத்தில் மட்டும் போடுகிற ரகம். கம்பத்துப் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹம்பர்க், அதே குடும்பத்து வாசனை. பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று, 2023-இல் கம்பம் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அப்பா அதில் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "சாமியார் கொண்டுவந்தார்னு எங்க தாத்தாவும் சொல்வாரு" என்றார். கிண்ணத்தை மட்டும் உடனே திருப்பித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொல்மாரோடு சரி. உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் 1512-க்கும் 1516-க்கும் இடையில் க்ருனேவால்ட் வரைந்த இசென்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. ஒரு மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் புண்ணாக ஒருவன். பூஞ்சணம் பிடித்த ரை தானியத்தைத் தின்றதால் வந்த நோய். அதற்கு வைத்தியம் பார்த்த மடத்துக்காக வரைந்த படம் அது. "கம்புல வருமே தேன் ஒழுகல், அந்தச் சாதிதான்" என்றார் அப்பா. அருங்காட்சியகம் அவருக்குப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கைசெர்ஸ்பெர்க் போகவே இல்லை. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்த ஊர். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம், வருத்தமும் இல்லை.

சரி, பாஸ்போர்ட் கதை. ரிபோவிலேயில் கிளம்பும்போது புது ஒயின் ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். இன்னும் புளித்துக்கொண்டே இருக்கும் கலங்கலான சாறு அது. செப்டம்பர், அக்டோபரில் மட்டும் கிடைக்கும், அக்ரோட்டோடு சாப்பிடுவார்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருக்கிற பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்று கடைக்காரப் பெண் சொன்னதும் உண்மை, நான் தலையாட்டியதும் உண்மை. ஞாயிறு மதியம் அவசரத்தில் பையில் படுக்க வைத்துவிட்டேன். பிரைசாக் பாலத்தைத் தாண்டியதும் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பையைத் திறந்தால் துண்டு, ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டில், பாஸ்போர்ட் எல்லாம் நனைந்து, பஸ் முழுக்க வாசம்.

போலீஸ்காரர் அப்பாவின் பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் பிடித்துப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை மோந்து பார்த்தார்.

"ஏப்பா," என்று அப்பா என் கையைப் பிடித்தார், "நான் குடிக்கலைன்னு அவர்ட்டச் சொல்லு."